இணையவழிக் கல்வியும் அரசின் கடமையும்: பேர்லேண்ட் முதல் தமிழ்நாடு வரை

பள்ளிக் கல்வியில் தொழில்நுட்பம் தரும் பயனைப் பெரிதும் தீர்மானிப்பவை அரசு எடுக்கும் மூன்று முடிவுகள். பள்ளிக்கு நிதி எந்தக் கணக்கில் வருகிறது என்பது முதலாவது. குழந்தையின் வீட்டில் இணைய இணைப்பு இருக்க யார் செலவு செய்கிறார்கள் என்பது இரண்டாவது. திரைக்கு முன் உட்காரும் குழந்தையின் அருகில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்க யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்பது மூன்றாவது. கணினியின் தரமும் செயலியின் திறமையும் இவற்றுக்குப் பின்னரே வருகின்றன. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மூன்றையும் மாற்றி மாற்றி முடிவு செய்துவந்திருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பேர்லேண்ட் நகரின் பள்ளிகள் அந்த முடிவுகளின்படியே நடக்கின்றன. தமிழ்நாடு இதே கேள்விகளுக்கு வேறு விடைகளைக் கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்வியின் முழு வடிவம் தெரியும்.

பேர்லேண்டும் மூன்றடுக்கு அதிகாரமும்

ஹூஸ்டனுக்குத் தெற்கே அமைந்த பேர்லேண்டின் பெரும்பகுதி பிரசோரியா கவுண்டியில் இருக்கிறது. அதன் ஓரங்கள் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் கவுண்டிகளுக்குள்ளும் நீள்கின்றன. 1990இல் 18,697 பேர் வாழ்ந்த ஊரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 1,25,828 பேர் இருந்தனர். 1982இல் குடமுழுக்கு கண்ட மீனாட்சி அம்மன் கோயிலால் தமிழர்களிடையே இவ்வூர் பெயர் பெற்றது. ஹூஸ்டனின் மருத்துவ மையத்திலும் எண்ணெய் நிறுவனங்களிலும் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்திலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் பல இந்த வட்டாரத்தில் குடியேறியுள்ளன.

இந்த நகரத்துக்கென ஒரே பள்ளி நிர்வாகம் கிடையாது. கிழக்கிலும் நடுவிலும் உள்ள பகுதிகள் பேர்லேண்ட் தன்னாட்சிப் பள்ளி மாவட்டத்தில் அடங்கும். மேற்கே ஷேடோ கிரீக் பக்கம் உள்ள வீடுகள் ஆல்வின் பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு உண்டு. எந்தக் கருவியை வாங்குவது, எந்தக் கற்றல் தளத்தைப் பயன்படுத்துவது, குழந்தைக்கு மடிக்கணினியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதா என்பவற்றை அந்தக் குழுவும் நிர்வாகமும் முடிவு செய்கின்றன. அதற்கு மேலே டெக்ஸஸ் கல்வி முகமையும் மாநிலச் சட்டமன்றமும் இருக்கின்றன. பாடத்திட்டம், தேர்வு, தலைக்கு இவ்வளவு என்ற நிதிக்கணக்கு ஆகியவை அவற்றின் கையில். கூட்டாட்சி அரசு இணைய இணைப்புக்கு மானியம் தருகிறது. குழந்தைகளின் தனியுரிமைக்கு விதி வகுக்கிறது.

கூட்டாட்சி அரசு போட்ட அடித்தளம்

அமெரிக்கப் பள்ளிகளுக்குள் இணையம் பரவியதில் பெரும் பங்கு 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு உண்டு. அச்சட்டத்தின் கீழ் உருவான ஈ-ரேட் திட்டம் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தருகிறது. வறுமை மிகுந்த பள்ளிக்குத் தள்ளுபடியும் மிகுதி. இதற்கான பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தால் நிரம்பும் பொதுச்சேவை நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அது செல்லும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. ஈ-ரேட் தள்ளுபடி பெறும் பள்ளிகள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியை வைக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. மாணவர் பதிவேடுகளைப் பிறருக்குக் காட்டுவதை 1974ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தகவல்களை இணைய நிறுவனங்கள் திரட்டுவதற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. இவை அனைத்தும் கற்றல் செயலிகள் பெருகுவதற்கு முன் எழுதப்பட்டவை. இன்று ஒரு மாணவர் பல நிறுவனங்களின் தளங்களில் நாள்தோறும் உள்நுழைகிறார். ஒவ்வொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் படித்துப் பார்த்து இசைவு தரும் சுமை பள்ளி மாவட்டத்தின் தோளில் விழுந்திருக்கிறது.

டெக்ஸஸின் மெய்நிகர் பள்ளிகள்

டெக்ஸஸ் 2003இல் சோதனை முறையில் மின்வழிப் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2007இல் சட்டமன்றம் டெக்ஸஸ் மெய்நிகர் பள்ளி வலையமைப்பை உருவாக்கியது. 2009 ஜனவரியில் வகுப்புகள் நடக்கத் தொடங்கின. இதில் இரண்டு பிரிவுகள் இருந்தன. உயர்நிலைப் பள்ளி மாணவர் தம் பள்ளியில் கிடைக்காத ஒரு பாடத்தை மட்டும் இணையத்தில் படிப்பது ஒன்று. மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுநேரமும் இணையத்திலேயே படிப்பது மற்றொன்று. பாடம் நடத்துபவர் டெக்ஸஸில் சான்று பெற்ற ஆசிரியராகவும் இணையவழிக் கற்பித்தலில் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி.

முதல் பிரிவின் நோக்கம் பாராட்டத்தக்கது. மேற்கு டெக்ஸஸின் சிற்றூர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் கிடைக்காதபோது, அங்குள்ள மாணவர் வேறொரு நகரத்து ஆசிரியரிடம் பாடம் கேட்க அது வழி செய்தது. ஆனால் 2013இல் வந்த சட்டம், ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு மூன்று பாடங்களுக்கு மேல் பணம் கட்டத் தேவையில்லை என்று மாவட்டங்களுக்கு விலக்களித்தது. புதிய முழுநேர இணையப் பள்ளிகள் தோன்றுவதற்கும் அதே சட்டம் தடை போட்டது. ஏற்கெனவே இயங்கிய சில பள்ளிகள் மட்டும் தொடர்ந்தன. அவற்றில் சில பெருநிறுவனங்களின் துணையோடு நடந்தன; மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் மாணவர் அவற்றில் சேரலாம். கிழக்கு டெக்ஸஸின் சிறிய ஹால்ஸ்வில் மாவட்டத்தில், இணையத்தில் மட்டும் படிக்கும் மாணவர் எண்ணிக்கை ஊருக்குள் பள்ளிக்கு வருவோரைவிட அதிகமானது.

இந்தத் தயக்கத்துக்கு நிதிக்கணக்கு ஒரு முக்கியக் காரணம். டெக்ஸஸ் பள்ளிகளுக்கு அரசு நிதி வருவது சேர்க்கை எண்ணிக்கையை வைத்து அல்ல. சராசரி தினசரி வருகையை வைத்து. நாளின் ஒரு குறித்த நேரத்தில் வகுப்பில் இருக்கும் குழந்தைகளை எண்ணி, அந்தச் சராசரியின் அடிப்படையில் பணம் கணக்கிடப்படுகிறது. 2019 முதல் 2025 வரை அடிப்படைத் தொகை மாணவருக்கு 6,160 டாலராக இருந்தது. வீட்டிலிருந்து படிக்கும் குழந்தையின் வருகையைச் சட்டம் ஏற்காவிட்டால் அந்தப் பணம் வராது. ஆகவே ஒரு மாவட்டம் நல்ல இணைய வகுப்பு நடத்தும் திறமை பெற்றிருந்தாலும், மாநிலச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் அதை நெடுநாள் நடத்த முடியாது.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் 19 அன்று ஆளுநர் கிரெக் ஆபட் டெக்ஸஸ் பள்ளிகளை மூட ஆணையிட்டார். ஏப்ரல் 17 அன்று அந்த ஆணை கல்வியாண்டு முடியும்வரை நீட்டிக்கப்பட்டது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே நேரத்தில் வீட்டுக்குத் திரும்பினர். அவர்களில் சுமார் 18 லட்சம் பேருக்குக் கற்கப் போதுமான இணைய இணைப்பு வீட்டில் இல்லை என்று காமன் சென்ஸ் அமைப்பு அவ்வாண்டு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் அமெரிக்க மாநிலங்களிலேயே அது மிகப் பெரிய இடைவெளி.

2020 ஜூலையில் கூட்டாட்சி நிவாரண நிதியிலிருந்து 20 கோடி டாலரை மடிக்கணினிகளுக்கும் வீட்டு இணைப்புகளுக்கும் மாநில அரசு ஒதுக்கியது. மாவட்டங்கள் தங்கள் பங்கையும் சேர்த்துக் குரோம்புக், ஐபேட், ஹாட்ஸ்பாட் ஆகியவற்றை மொத்தமாக வாங்கின. 2020-21 கல்வியாண்டில் பள்ளிக்கு நேரில் வரும் வாய்ப்பை எல்லா மாவட்டங்களும் தர வேண்டும். வீட்டிலிருந்தே படிக்க விரும்பும் பெற்றோருக்கு அதையும் தரலாம். இரண்டுக்கும் நிதி உண்டு என்று முகமை அறிவித்தது. நேரலை வகுப்பு, மாணவர் தம் நேரத்தில் முடிக்கும் பாடம் என்ற இரு முறைகளுக்கும் தனித்தனி விதிகள் எழுதப்பட்டன. பல ஆசிரியர்கள் வகுப்பறையில் இருந்த பிள்ளைகளுக்கும் திரையில் இருந்த பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த இரட்டைச் சுமை அவர்களை மிகவும் களைப்படையச் செய்தது.

2021 பிப்ரவரியில் வந்த கடுங்குளிர் இன்னொரு குறையையும் வெளிக்காட்டியது. மாநிலத்தின் மின்கட்டமைப்பு தடுமாறி 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தன. பள்ளிக் கட்டடம் மூடப்படும் நாள்களில் இணைய வகுப்பு கைகொடுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் புயலும் உறைபனியும் கட்டடத்தோடு மின்கம்பியையும் சேர்த்தே தாக்குகின்றன. 2017இல் ஹார்வி புயலின் வெள்ளத்தைக் கண்ட பேர்லேண்ட் வட்டாரத்துக்கு இது வெறும் கற்பனையல்ல. அச்சிட்ட பயிற்சித்தாள்களும் நூலகப் புத்தகங்களும் பேரிடர்க்காலக் கல்வித் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

சட்டத்தின் திருப்பங்கள்

பெருந்தொற்றுக்காலத் தளர்வுகள் 2021 கோடையில் முடிந்தன. இணையவழிக் கல்விக்கு நிலையான நிதி தரும் மசோதா 2021 மே மாத இறுதியில் சட்டமன்றத்தின் கடைசி இரவை எட்டியிருந்தது. வேறொரு பொருள் பற்றிய தேர்தல் சட்ட மசோதாவைத் தடுக்க எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையை விட்டு வெளியேறினர். அவை நடத்தப் போதிய எண்ணிக்கை இல்லாமல் இந்த மசோதாவும் மடிந்தது. அதனால் ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தபோது, வீட்டிலிருந்து படிக்க விரும்பிய குடும்பங்களுக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் வழி இல்லை.

செப்டம்பரில் செனட் மசோதா 15 சட்டமானது. பேர்லேண்டுக்கு அடுத்த ஃப்ரெண்ட்ஸ்வுட்டைச் சேர்ந்த செனட்டர் லாரி டெய்லர் அதைக் கொண்டுவந்தார். ஒரு மாவட்டத்தின் மாணவர்களில் 10 விழுக்காட்டினர் வரை இணையவழியில் படித்தால் அரசு நிதி தரும் என்று அது கூறியது. முந்தைய ஆண்டில் மாநிலத் தேர்வில் தேறாதவர்களும் பள்ளிக்கு வராமல் பல நாள் இருந்தவர்களும் அதில் சேர முடியாது. நேரடி வகுப்பையும் இணைய வகுப்பையும் ஒரே நேரத்தில் நடத்துமாறு ஆசிரியரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. பெருந்தொற்றின் படிப்பினை இந்த இரு விதிகளிலும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் சட்டம் 2023 செப்டம்பர் வரையே செல்லும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டே வாழும் சட்டத்தை நம்பி எந்த மாவட்டமும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நீண்டகாலத் திட்டம் வகுப்பது கடினம்.

2025இல் சட்டமன்றம் இரண்டு திசைகளில் முடிவெடுத்தது. செனட் மசோதா 569, பள்ளி மாவட்டங்களும் அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் இயங்கும் சார்ட்டர் பள்ளிகளும் இணையவழி, கலப்புமுறை வகுப்புகளை நடத்துவதற்குப் புதிய சட்ட அடிப்படை தந்தது. அதே ஆண்டில் இன்னொரு சட்டம், பள்ளி நேரம் முழுவதும் மாணவர் தம் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்றது. மேலோட்டமாக இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை: பள்ளி தெரிந்து கொடுக்கும் கருவிக்கும், கவனத்தைச் சிதறடிக்கும் கருவிக்கும் வேறுபாடு உண்டு. பள்ளி வழங்கும் மடிக்கணினிக்கு இந்தத் தடை இல்லை. மாநிலத் தேர்வே 2022-23 முதல் கணினியில் எழுதப்படுவதால், குழந்தையைத் திரையிலிருந்து முற்றாக விலக்கி வைப்பது டெக்ஸஸில் நடக்கக்கூடியதும் அல்ல.

ஆய்வுகள் சொல்வது

டெக்ஸஸ் கல்வி முகமை 2021 கோடையில் வெளியிட்ட தேர்வு முடிவுகள் கவலையளிப்பவை. நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இணையவழிக் கல்வி நடந்த மாவட்டங்களில், கணிதத்தில் எதிர்பார்த்த நிலையை எட்டியோர் 2019ஐவிட 9 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தனர். நான்கில் மூன்று பங்குக்கு மேல் இணையவழியில் நடந்த மாவட்டங்களில் அந்தச் சரிவு 32 புள்ளி. வாசிப்பில் முறையே 1 புள்ளியும் 9 புள்ளியும். நாடு தழுவிய ஆய்வு ஒன்றும் இதே திசையைக் காட்டியது. 2020-21இல் பெரும்பகுதி இணையவழியில் நடந்த பள்ளிகளில், வறுமை மிகுந்தவை கணிதத்தில் சுமார் 22 வாரப் படிப்பை இழந்தன. வசதியான பள்ளிகள் இழந்தது சுமார் 13 வாரம்.

அவசரக் காலத்துக்கு முந்தைய சான்றும் உண்டு. முழுநேர இணையச் சார்ட்டர் பள்ளிகளை ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. அங்கே படித்தவர்கள், அவர்களைப் போன்ற பிற மாணவர்களைவிடக் கணிதத்தில் 180 நாள் படிப்புக்குச் சமமான அளவும், வாசிப்பில் 72 நாள் அளவும் பின்தங்கியிருந்தனர். 180 நாள் என்பது ஒரு முழுக் கல்வியாண்டு.

மறுபக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறை 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நேரடி வகுப்போடு இணையப் பாடத்தையும் கலந்து படித்தவர்கள் நேரடி வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சற்று மேம்பட்டிருந்ததைக் கண்டது. ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கல்லூரி மாணவர்களையும் பெரியவர்களையும் பற்றியவை. கலப்புமுறையில் படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன. இரண்டு வகைச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது வயதும் துணையும் முதன்மையாகத் தெரிகின்றன. தானே நேரத்தை வகுத்துக்கொள்ளும் முதிர்ந்த மாணவர் இணையத்தால் பயன் பெறுகிறார். சிறு குழந்தைக்கு அருகில் ஆள் வேண்டும்.

இணைப்பும் நிதியும்

பெருந்தொற்று நிவாரணமாகக் கூட்டாட்சி அரசு மூன்று தவணைகளில் பள்ளிகளுக்குச் சுமார் 19,000 கோடி டாலர் தந்தது. வீடுகளுக்கான இணைப்பு உதவித் திட்டம் மாதம் 30 டாலர் வரை கட்டணத்தைக் குறைத்தது, 2.3 கோடி வீடுகள் அதில் சேர்ந்தன. பணம் தீர்ந்ததால் 2024 ஜூன் தொடக்கத்தில் அது முடிந்தது. பள்ளி நிவாரண நிதியின் கடைசித் தவணையைச் செலவுக்கு உறுதி செய்யும் கெடு 2024 செப்டம்பர் 30 அன்று தீர்ந்தது. 2020இல் வாங்கிய மடிக்கணினிகள் பழுதாகி மாற்றும் காலம் வந்தபோது, அவற்றை வாங்கித் தந்த நிதி இல்லாமல் போயிற்று.

கம்பி இழுக்கும் வேலைக்கு டெக்ஸஸ் வாக்காளர்கள் 2023 நவம்பரில் 150 கோடி டாலர் அகலப்பட்டை நிதிக்கு ஒப்புதல் தந்தனர். இணையம் எட்டாத ஊர்களுக்கு அந்த நிதி அதைக் கொண்டுசெல்லும். பேர்லேண்ட் போன்ற புறநகரில் கம்பி வாசல்வரை வந்துவிட்டது. மாதக் கட்டணமே சில வீடுகளுக்கு எட்டாதது. முதல் சிக்கலுக்கு ஒருமுறைச் செலவு போதும். இரண்டாவதற்கு ஆண்டுதோறும் செலவு வேண்டும். அவசரக் கால நிதி இந்த இரண்டாவதைத் தாங்கவே முடியாது.

தமிழ்நாடு தேர்ந்த வழி

தமிழ்நாட்டில் கருவி வழங்கும் கொள்கை டெக்ஸஸின் பெருந்தொற்றுக்கால ஏற்பாட்டுக்கு முந்தையது. 2011 செப்டம்பரில் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைப்பில்லாத வீட்டுக்கும் பாடம் போய்ச்சேர அதுவே முதன்மையான வழியாயிற்று. பாடநூலில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டின் வழியே காணொளிகளும் கிடைத்தன. ஆயினும் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. தொலைக்காட்சி பாடம் சொல்லும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்காது.

அந்தக் குறையைத் தீர்க்க 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கி வைக்கப்பட்டது. மாலை வேளையில் ஊரிலேயே உள்ள தன்னார்வலர் ஒருவர் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆய்ந்தனர். பள்ளி மூடலால் கற்றல் இழப்பு பெரிதாக இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அதில் மூன்றில் இரு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது என்று அவர்கள் கண்டனர். விலை உயர்ந்த செயலி எதுவும் இல்லாமல், வீட்டருகே ஒரு பெரியவரை அமர்த்தியதால் கிடைத்த பலன் இது.

தமிழ்க் கல்வியில் இணையம்

வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழிக் கல்வி வேறொரு தேவையை நிறைவேற்றுகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. வா. செ. குழந்தைசாமி அதன் தொடக்ககாலத் தலைவர். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் அது, சான்றிதழ் முதல் பட்டம் வரை பாடங்களையும் பெரிய மின்னூலகத்தையும் வைத்திருக்கிறது. ஓர் அரசு, தன் எல்லைக்கு வெளியே வாழும் பிள்ளைகளின் தாய்மொழிக்காக இணையத்தைப் பயன்படுத்திய முன்னோடி முயற்சிகளில் இதுவும் ஒன்று.

அமெரிக்காவில் தமிழ் கற்பித்தல் பெரும்பாலும் பெற்றோரின் உழைப்பால் நடக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 1998இல் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகமும், 2009இல் உருவான அமெரிக்கத் தமிழ்க் கல்விக்கழகமும் பாடநூல்களையும் தேர்வுகளையும் ஒழுங்குபடுத்தின. பெருந்தொற்றில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஜூமுக்கு மாறியபோது, தமிழ்ப் பள்ளி இல்லாத ஊரின் பிள்ளையும் வகுப்பில் சேர முடிந்தது. இங்கே இணையம் ஆசிரியரின் இடத்தைப் பறிக்கவில்லை. ஆசிரியர் இல்லாத ஊருக்கு அவரைக் கொண்டுசேர்த்தது. டெக்ஸஸின் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க ஆங்கிலமல்லாத மொழி ஒன்றில் இரண்டு மதிப்பலகுகள் வேண்டும். தமிழில் பெற்ற தேர்ச்சியை அதற்கு ஏற்பது அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் முடிவு. ஆகவே இதற்காகப் பெற்றோர் அணுக வேண்டிய முதல் வாசல் உள்ளூர் அறங்காவலர் குழு.

தெளியும் கொள்கைகள்

இந்த அனுபவங்களிலிருந்து நான்கு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இணையவழிக் கல்வியின் இடம் வயதுக்கேற்ப மாற வேண்டும். தொடக்கப் பள்ளியில் அது துணைப்பாடமாக இருப்பது நல்லது. உயர்நிலைப் பள்ளியில், ஊரில் கிடைக்காத பாடத்துக்கு அதுவே தகுந்த வழி. இரண்டாவது, ஓரிரு ஆண்டில் காலாவதியாகும் சட்டத்தை நம்பி நிலையான கல்வி முறையைக் கட்ட முடியாது. நிதிக்கணக்கு வகுப்பறை வருகையோடு மட்டும் பிணைந்திருக்கும்வரை, நல்ல இணையப் பாடத்துக்கும் தரமற்ற இணையப் பாடத்துக்கும் உரிய வேறுபாட்டை மாவட்டங்கள் காட்ட இயலாது. மூன்றாவது, கருவி வாங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் நான்கைந்து ஆண்டுக்குப் பிந்தைய மாற்றுச் செலவும் ஏழை வீடுகளின் மாதக் கட்டணமும் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நான்காவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. ஆசிரியர், தன்னார்வலர், பயிற்சி பெற்ற உதவியாளர் என யாராயினும், குழந்தைக்கு அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு ஊதியமோ ஊக்கத்தொகையோ ஒதுக்காத இணையக் கல்வித் திட்டத்தை அரசு அங்கீகரிக்கக் கூடாது. டெக்ஸஸின் தேர்வு முடிவுகளும் தமிழ்நாட்டுக் கிராமங்களின் மீட்சியும் இந்த ஒரு விதியையே வலியுறுத்துகின்றன. புதிய சட்டத்தின் கீழ் கலப்புமுறை வகுப்புகளைத் திட்டமிடும் எந்த டெக்ஸஸ் மாவட்டமும் அந்தச் செலவைத் தன் வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரிகளில் சேர்க்க வேண்டும்.